மண்டபத்தில் கொடுக்கும் பயிற்சி வகுப்பறைக்கு வந்து சேர்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேசச் சிரமப்படும் குழந்தைகளுக்குப் பள்ளிகளில் பேச்சுப் பயிற்சி அளிப்பவர்களுக்கு நடத்தப்படும் பணியிடைப் பயிற்சிகளைப் பற்றியது இக்கடிதம். பணியிடங்கள் போதவில்லை, ஊதியம் போதவில்லை என்ற குறைகள் இருக்கவே இருக்கின்றன. அவற்றை மற்றவர்கள் எழுதுகிறார்கள். இருக்கிற பயிற்சியாளர்களுக்கு, கிடைக்கிற நாள்களில், எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

பேச்சு மற்றும் கேட்பியல் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. கடைசி ஆண்டு உள்ளிருப்புப் பயிற்சி. செய்முறையில் பெரும்பகுதி கல்லூரிச் சிகிச்சை மையத்திலோ மருத்துவமனையிலோ நடக்கிறது. அங்கே ஒரு குழந்தை, ஒரு பயிற்சியாளர், கதவு மூடிய அறை, முக்கால் மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரச் சொல்லலாம். வட்டார வள மையத்தின் (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான கல்வித்துறை மையம்) வழியாகப் பள்ளிகளுக்குப் போகிறவருக்கு இந்த வசதி ஒன்றும் கிடையாது. இன்று ஒரு ஊர், நாளை வேறு ஊர், இடையில் மருத்துவ முகாம், பள்ளிக்கே வர முடியாத குழந்தைகளின் வீடுகள். ஒரே குழந்தையை மறுபடி பார்க்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிடுகிறது. பார்க்கும் இடமும் பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையின் ஓரம், அல்லது வராந்தா.

பதினைந்து நாளுக்கு அரைமணி நேரம் என்ற அளவில் எந்தப் பேச்சொலியும் திருந்தாது. இடைப்பட்ட நாள்களில் பயிற்சி நடந்தால், அது அம்மாவாலும் வகுப்பாசிரியராலும்தான் நடக்கும். ஆகையால் பள்ளிப் பேச்சுப் பயிற்சியாளருக்கு முதலில் வேண்டிய திறமை, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, சொல்லிக்கொடுக்கும் விதத்தை இன்னொரு பெரியவருக்குக் கைமாற்றித் தருவது. பட்டப்படிப்பில் இதற்கு மிகக் குறைந்த இடமே உண்டு. பணியில் சேர்ந்தபின் வரும் பயிற்சிகளிலாவது இருக்கிறதா என்றால், அங்கும் ஆட்டிசம் என்றால் என்ன, மூளை முடக்குவாதம் எத்தனை வகை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

கைமாற்றும் முறையைக் கற்றுக்கொடுப்பது கடினமில்லை. ஆனால் செய்து பார்த்துத்தான் கற்க வேண்டும். ஆசிரியரும் குழந்தையும் வழக்கம்போல் பேசுவதை முதலில் ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் பார்ப்பது. அதிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுப்பது. உதாரணத்துக்கு, கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருப்பது. அதைப் பயிற்சியாளர் தானே செய்து காட்டுவது, பிறகு ஆசிரியர் மூன்று நிமிடம் செய்வது, அவர் சரியாகச் செய்த ஒன்றையும் மாற்ற வேண்டிய ஒன்றையும் அப்போதே சொல்வது. கடைசியாக, இது நாளின் எந்த நேரத்தில் நடக்கும் என்று இருவரும் முடிவுசெய்வது: வருகைப்பதிவு எடுக்கும்போதா, சாப்பாட்டு வரிசையிலா? நேரம் குறிக்காத பயிற்சி நடக்காது. வழக்கமாக நேர்கிற தவறு என்னவென்றால், பத்துப் பயிற்சிகளை ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்து அனுப்பிவிடுவது. அந்தத் தாள் அடுத்த முறை வரும்போது அதே மடிப்போடு பையில் இருக்கும்.

இப்போது நடக்கும் பயிற்சிகளின் உருவம் எல்லோருக்கும் தெரியும். மாவட்டத் தலைநகரில் ஒரு மண்டபம், இரண்டு நாள், சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறை மருத்துவர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் எல்லோரும் ஒன்றாக. திரையில் எழுத்து ஓடும். மாலையில் சான்றிதழ். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. ஆகவே புள்ளிக்காக மண்டபம் நிறைகிறது. புள்ளி கிடைப்பது உட்கார்ந்த நேரத்துக்கு. கேட்டதை ஒரு குழந்தையிடம் செய்து பார்த்தாரா என்று பிறகு விசாரிப்பார் இல்லை. கலப்பு அவையில் வேறொரு சிக்கலும் உண்டு. சிறப்புப் பயிற்றுநருக்குப் புரியும்படி பேசினால் பேச்சுப் பயிற்சியாளருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. இவருக்கு ஏற்றபடி பேசினால் மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

இரண்டு நாளை ஒரே மூச்சில் செலவழிப்பதற்குப் பதிலாக அதே நேரத்தை எட்டு வாரத்துக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கலாம். முதல் வாரம் அரை நாள், ஒரே தலைப்பு. அதன்பின் ஒவ்வொருவரும் தம் பள்ளியில் ஒரு குழந்தையோடு அதைச் செய்து, பத்து நிமிடம் கைப்பேசியில் காணொளியாகப் பதிவுசெய்து வர வேண்டும். அடுத்தடுத்த வட்டாரங்களைச் சேர்ந்த நான்கைந்து பேர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடி அந்தப் பதிவுகளைப் பார்க்கட்டும். பார்க்கும்போது ‘நல்லாப் பண்ணியிருக்கீங்க’ என்று சொல்லி முடிப்பது வீண். இந்தப் பத்து நிமிடத்தில் குழந்தை எத்தனை முறை பேச வாய்ப்புப் பெற்றது, எத்தனை முறை பயிற்சியாளரே பதிலையும் சொல்லிவிட்டார் என்று எண்ண வேண்டும். எண்ணிய யாரும் முதல் முறை தம் எண்ணிக்கையை நம்புவதில்லை. மொழிப் பயிற்சி என்ற பெயரில் பேசிக்கொண்டிருப்பது பெரும்பாலும் பெரியவர்தான் என்பது அப்போது தெரியவரும்.

பதிவு என்றதும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பெற்றோரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்காமல் கைப்பேசியை எடுக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் படிவத்தில் யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழிக்கப்படும் என்ற இரண்டும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் குழந்தையின் காணொளி போடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. அதை முதல் வகுப்பிலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். நேரில் கூடிப் பார்ப்பது எங்கள் பரிந்துரை.

அடுத்து, பாடப்பொருள். இங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது. நம் பயிற்சிகளில் காட்டப்படும் மதிப்பீட்டு முறைகள் ஆங்கிலக் குழந்தைகளின் பேச்சை வைத்து உருவானவை. தமிழில் அவற்றை அப்படியே போட்டால் குறை இல்லாத குழந்தைக்குக் குறை வந்துவிடும். இருக்கிற குறை தப்பிவிடும்.

ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுவது கவனிக்க வேண்டிய பிழை. தமிழ்ப் பேச்சில் கடைசி மெய் என்பதே அபூர்வம். ‘பால்’ என்பது ‘பாலு’ ஆகிறது, ‘கண்’ என்பது ‘கண்ணு’ ஆகிறது, ‘மரம்’ என்பதன் கடைசி மகரம் மூக்கொலியாக உயிரிலேயே கரைந்துவிடுகிறது. ‘வந்தான்’ என்பதும் அப்படித்தான். படம் காட்டி ‘மரம்’ என்று எதிர்பார்த்து, குழந்தை சொன்னதில் மகரம் கேட்கவில்லை என்று பிழைக்குறி போட்டால், பிழை குறி போட்டவருடையது. ‘காத்து’, ‘நேத்து’ என்று சொல்லும் குழந்தை றகரத்தைத் தவறவிட்டதாகக் கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் யாரும் வீட்டில் ‘காற்று’ என்று சொல்வதில்லை.

ழகரம் இன்னும் சிக்கல். தென்மாவட்டங்களில் ‘வாளப்பளம்’, சென்னையில் பல தெருக்களில் ‘வாயப்பயம்’. அந்தக் குழந்தையின் அம்மாவும் அப்படித்தான் சொல்கிறார் என்றால் அது வட்டார வழக்கு. சிகிச்சைக்கு உரிய குறையாகாது. தமிழாசிரியர் வகுப்பில் திருத்தலாம், அது அவர் வேலை. சகரத்தின் கதையும் இதுவே. ‘சாப்பாடு’ என்பதில் ஸகரம் ஒலிப்பதும், ‘பச்சை’ என்பதில் வல்லொலியாக நிற்பதும் தமிழின் இயல்பு. இவற்றை அறியாமல் ஸகரத்துக்கும் சகரத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட்ட தாளை நிரப்புகிறவர் எதை அளக்கிறார்?

உண்மையான பிழைகளுக்கு வேறு அடையாளம் உண்டு. அண்ணத்தின் பின்னால் பிறக்கும் ககரம் பல்லுக்கு நகர்ந்துவிட்டால் ‘காக்கா’ ‘தாத்தா’ ஆகிவிடுகிறது. டகரம் நகர்ந்தால் ‘வீடு’ ‘வீது’ ஆகும், ‘வண்டி’ ‘வந்தி’ ஆகும். ரகரம் லகரமானால் ‘மரம்’ என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. வகுப்பே சிரிக்கும், அந்தக் குழந்தை அதன்பின் அந்தச் சொல்லையே தவிர்க்கும். இந்தப் பிழைகள் ஊர் வழக்கில் இல்லாதவை, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருபவை, பொருளையே மாற்றுபவை. மூன்றும் இருந்தால் அங்கேதான் பயிற்சி தொடங்க வேண்டும்.

இந்த வேறுபாடு எண்களில் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கணக்காகக் காட்டலாம். சரியாக ஒலித்த மெய்களின் சதவீதம் என்ற அளவுகோல் 1982 முதல் புழக்கத்தில் உள்ளது. 85க்கு மேல் இருந்தால் லேசான குறை, 65 முதல் 85 வரை லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடை, 50 முதல் 65 வரை நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் இடை, 50க்குக் கீழே கடுமை. ஒரு குழந்தையின் பேச்சுப் பதிவில் 200 மெய்கள் இருக்கின்றன, உண்மையான பிழை 24 என்று வைத்துக்கொள்வோம். 200இல் 176 சரி, அதாவது 88 சதவீதம். வட்டார வழக்கையும் பேச்சுவழக்கையும் பிழையென்று எண்ணி இன்னும் 30ஐச் சேர்த்தால் 146 சரி, 73 சதவீதம். குழந்தை ஒரு படி கீழே இறங்கிவிட்டது; அதன் வாயிலிருந்து ஒரு ஒலிகூட மாறவில்லை. இந்தப் பட்டைகளே ஆங்கிலப் பேச்சை வைத்து வகுத்தவை என்பதால், தமிழில் அவற்றை வகைப்படுத்தப் பயன்படுத்துவதைவிட, ஒரே குழந்தையின் ஜூன் மாத எண்ணையும் டிசம்பர் மாத எண்ணையும் ஒப்பிடப் பயன்படுத்துவதே பத்திரம்.

திக்கலை எண்ணுவதிலும் இதே ஆபத்து. சொல்லை எண்ணாமல் அசையை எண்ண வேண்டும். ‘போயிட்டிருந்தாங்க’ ஒரே சொல், அசைகள் ஆறு: போ-யிட்-டி-ருந்-தாங்-க. 300 அசைகள் கொண்ட பேச்சில் 18 இடத்தில் திக்கினால் 6 சதவீதம். அதே பேச்சு நூறு சொல் என்று எண்ணினால் 18 சதவீதம். இரண்டு பயிற்சியாளர்கள் இரண்டு வழியில் எண்ணி, ஒருவர் ‘மூன்று மாதத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது’ என்று அறிக்கை எழுதிவிடலாம். அப்புறம் நம் ஊர்ப் பேச்சின் ‘வந்து’. ‘நான் வந்து... வந்து... ஸ்கூலுக்குப் போகல’ என்பதில் உள்ள ‘வந்து’ யோசிக்கும் நேரத்துக்கான சொல். அதைத் திக்கலாக எண்ணினால் மேடைப் பேச்சாளர்களில் பாதிப்பேருக்குச் சிகிச்சை தேவைப்படும். திக்கலில் ஒலியோ அசையோ திரும்ப வரும், அல்லது நீளும், அல்லது வாய் திறந்தபடி காற்று நின்றுவிடும். முகமும் கழுத்தும் இறுகுவதைப் பார்த்துப் பழக வேண்டும். பார்க்க, பதிவு வேண்டும். மறுபடியும் மண்டபத்தில் நடக்காத காரியம்.

இதற்கான பயிற்சி செலவில்லாதது. இரண்டு பேர் ஒரே பதிவைத் தனித்தனியாகக் கேட்டு, அசை அசையாகக் குறி போட வேண்டும். ஒத்த குறிகளின் எண்ணிக்கையை, ஒத்தவையும் ஒவ்வாதவையும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் உடன்பாட்டு அளவு கிடைக்கும். 80க்குக் கீழே வந்தால் உட்கார்ந்து பேச வேண்டும். மொத்தத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது. இருவரும் 18 என்று சொல்லலாம், ஆனால் வெவ்வேறு 18 இடங்களைச் சொல்லியிருக்கலாம்.

செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி (உள்காதில் அறுவைச் சிகிச்சையால் வைக்கும் கேட்கும் கருவி) பொருத்தப்படுகிறது. அந்தக் குழந்தைகள் இப்போது நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். காலையில் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க யாருக்கும் தெரியாவிட்டால், அந்த நாள் முழுவதும் குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கும். ‘கூப்பிட்டா திரும்புறான் சார், கேக்குது’ என்று ஆசிரியர் சொல்வார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் உள்ள உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக ஒலிப்பவை. அவை கேட்டுவிடும், ஸகரமும் ஷகரமும் கேட்காமல் போகும்.

ஆறொலிச் சோதனை இரண்டு நிமிட வேலை. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளை, உதடு தெரியாமல், சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். முதலில் ஒரு மீட்டர் தூரம், பிறகு மூன்று மீட்டர். குழந்தை கேட்டதும் டப்பாவில் ஒரு புளியங்கொட்டையைப் போடட்டும். பழகியபின் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். இரண்டு காதிலும் கருவி இருந்தால் ஒவ்வொன்றாக. இதிலும் தவறுகள் நுழைகின்றன. உள்ளங்கையை வாயோடு ஒட்டி வைத்து மறைத்தால் உயர்ந்த ஒலிகள் கையிலேயே அடங்கிவிடும். ஒரு மெல்லிய துணியையோ தள்ளிப் பிடித்த தாளையோ வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே தாளத்தில் ஒவ்வொரு மூன்று வினாடிக்கும் சொன்னால் குழந்தை தாளத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டையைப் போடும். இடைவெளியை மாற்ற வேண்டும், சில முறை ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்க்க வேண்டும். நேற்று மூன்று மீட்டரில் கேட்ட ஸகரம் இன்று ஒரு மீட்டரிலும் கேட்கவில்லையா? குழந்தையைக் குறை சொல்லும் முன் பேட்டரி, காதில் செருகும் சாதாரணச் செவிக்கருவி என்றால் அதன் காதச்சில் அடைத்த மெழுகு, குழாயில் வியர்வைத் துளி, எந்தக் கருவியானாலும் ஒலிவாங்கியின் மேல் தூசு, இந்த வரிசையில் பார்க்க வேண்டும். துத்தநாகக் காற்றுப் பேட்டரி என்றால் ஸ்டிக்கரை உரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றுப்பட விட்டுத்தான் உள்ளே போட வேண்டும். இவ்வளவையும் வகுப்பாசிரியர் செய்யலாம். செய்யச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

வகுப்பறையின் இரைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கத் தரநிலை ஒன்று, காலியான வகுப்பறையில் இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி 0.6 வினாடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது. மின்விசிறி கரகரக்கும் கான்கிரீட் அறையில் அதை எட்ட முடியாதுதான். ஆனால் தூரத்தைக் குறைக்கலாம். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே உள்ள தூரம் பாதியானால் திறந்த வெளியில் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். எதிரொலிக்கும் அறையில் சற்றுக் குறைவாக. நான்காம் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு மாற்றுவதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

இனி நாங்கள் மிகவும் கவலைப்படும் பகுதி: உணவு. பேச்சுப் பயிற்சியாளர் விழுங்குதலையும் பார்ப்பவர் என்பது பள்ளிகளில் பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் மதிய உணவும் சேர்ந்தால், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை ஒரு நாளின் இரண்டு வேளை உணவைப் பள்ளியில்தான் சாப்பிடுகிறது. ஊட்டுபவர் சத்துணவு உதவியாளராகவோ, பக்கத்தில் உட்காரும் அக்காவாகவோ இருக்கலாம். ரவை உப்புமா ஆறிவிட்டால் பொலபொலவென்று உதிரும். உதிர்ந்த துகள் நாக்கில் சேராமல் தொண்டைக்குள் சிதறும். சாம்பார் ஊற்றிய பொங்கலில் நீர் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். நீரை விழுங்கும் நேரத்தில் பருக்கை, பருக்கையை மெல்லும் நேரத்தில் நீர். புரையேறுவது இங்கேதான்.

இதற்கு மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. பொங்கலையும் சாம்பாரையும் சேர்த்து ஒரே பதமாக மசித்துவிட வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், ஒட்டிக்கொள்ளவும் கூடாது, நீர் பிரிந்து ஓடவும் கூடாது. மென்று விழுங்கப் போதிய வலு இல்லாத குழந்தைக்குப் பன்னாட்டு உணவுப்பத அளவுகோலின் ஐந்தாம் நிலையில் (பொடியாக்கி ஈரமாக்கிய உணவு) பருக்கையின் அகலம் 2 மில்லிமீட்டருக்குள், நீளம் 8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு அகலம் 4, நீளம் 15. பெரியவர் அளவைக் குழந்தைக்குச் சொல்லிவிடுவது பயிற்சி ஏடுகளில் நேரும் பிழை. நீர்ப்பொருளின் கெட்டித்தன்மையை அளக்க 10 மில்லி ஊசிக்குழல் போதும். கீழ்முனையை விரலால் மூடி 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்துப் பத்து வினாடி விட்டு மறுபடி மூட வேண்டும். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர் பதம். 1 முதல் 4 வரை முதல் நிலை. 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை. 8க்கு மேல் மூன்றாம் நிலை. ஆனால் எல்லா ஊசிக்குழலும் ஒரே அளவில்லை. பூஜ்யத்திலிருந்து 10 வரையுள்ள கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளவுகோலால் பார்த்து வாங்க வேண்டும். குட்டையும் பருமனுமான குழலில் எடுத்த அளவு செல்லாது.

உட்கார வைப்பது அதைவிட முக்கியம். இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் தரையிலோ ஒரு பலகையிலோ ஊன்றி, முகவாய் சற்றே கீழே தாழ்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது மரியாதையான பழக்கம். இந்தக் குழந்தைகளுக்கு அதுவே ஆபத்து. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய் திறந்து கிடக்கிறது. அகன்ற வாயுள்ள டம்ளரை உதட்டில் வைத்துச் சிறிது சிறிதாகத் தர வேண்டும். விழுங்கியபின் குரல் ஈரமாகக் கொழகொழவென்று மாறுவது, கண்ணில் நீர் வருவது, ஒரு வேளைச் சாப்பாடு அரைமணியைத் தாண்டுவது, அடிக்கடி நெஞ்சுச்சளி, இவை கவனிக்க வேண்டியவை. புரையேறாமலே உணவு நுரையீரலுக்குள் போவதும் உண்டு என்பதால், இருமவில்லை என்பது நல்ல செய்தி ஆகிவிடாது. அப்படிப்பட்ட குழந்தையை மருத்துவரிடம் அனுப்பத்தான் வேண்டும். பள்ளிப் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கான பயிற்சிகளில் இதற்கு ஒரு முழு நாள் கொடுத்ததை நாங்கள் பார்த்ததில்லை.

இதற்கு மாறாக, இன்னும் பல பயிற்சிகளில் விசில் ஊதுவதும், மெழுகுவத்தி அணைப்பதும், நாக்கைச் சுழற்றுவதும் பேச்சுக்கான பயிற்சி என்று கற்றுத்தரப்படுகின்றன. ஊதுவதால் ஊதும் திறமை வளரும். ககரத்தைத் திருத்த ககரத்தைத்தான் பழக வேண்டும். ஊதும் பயிற்சி பேச்சொலிப் பிழையைச் சரிசெய்யும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. நாக்கின் அடி நரம்பை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று ஊரில் சொல்பவர்களை மறுக்க வேண்டிய நாமே பலூனை ஊதிக்கொண்டிருக்கிறோம்.

பேச முடியாத குழந்தைகள் படத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்ல உதவும் படப்பலகைகள் பற்றிச் சுருக்கமாக. ஆப்பிள், யானை, விமானம் என்று பெயர்ச்சொற்களை நிரப்பிய பலகை பயன்படாது. வேணும், வேண்டாம், இன்னும், போதும், வா, போ, என்ன, எங்க, வலிக்குது, இப்படி நாள் முழுவதும் தேவைப்படும் சொற்கள் முதலில் வர வேண்டும். பெரியவர் தாம் பேசும்போதே அந்தப் படங்களைத் தொட்டுக் காட்டிப் பேச வேண்டும். அதைச் செய்யாமல் குழந்தையை மட்டும் ‘காட்டு, காட்டு’ என்றால் அது தேர்வாகிவிடும். படம் தொட்டுப் பேச உதவும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழ் இருக்கிறது. ஆனால் கைக்கணினி பள்ளி அலமாரியில் பூட்டியிருக்கும்வரை லேமினேட் செய்த தாளே மேல்.

சட்டம் பற்றியும் பயிற்சியில் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைக் குறிப்பிடுகிறது. அதில் பேச்சு மற்றும் மொழி இயலாமை என்பதன் வரையறை, குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பு போன்றவற்றால் நேரும் நிரந்தரக் குறை. திக்கும் குழந்தையும் ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்னும் குழந்தையும் இதற்குள் எளிதில் அடங்க மாட்டார்கள். சான்றிதழ் உள்ளவர்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற பயிற்சியாளர் இவர்களைச் சந்திக்கவே மாட்டார். இத்தனைக்கும் சில மாதப் பயிற்சியில் தெளிவாகப் பேசக்கூடியவர்கள் இவர்களில் நிறையப் பேர். தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆசிரியர்கள் ஒவ்வொரு குழந்தையின் வாசிப்பையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஒலியைப் பிரித்தறிய முடியாமல் எழுத்தில் தடுமாறும் குழந்தையை அங்கேயே கண்டுபிடிக்கலாம். அதற்கு அந்த ஆசிரியர் கையில் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருந்தால் போதும்; அதைத் தயாரிப்பதும் பேச்சுப் பயிற்சியாளரின் வேலைதான்.

கல்வித்துறையிடம் நாங்கள் கேட்பவை அதிகமில்லை. பேச்சுப் பயிற்சியாளர்களுக்குத் தனிப் பயிற்சி நடத்துங்கள். ஓராண்டுக்கு இரண்டு தலைப்புக்கு மேல் வேண்டாம். பயிற்றுநராக வருபவர் மருத்துவமனையில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நடத்தும் முன் இரண்டு நாள் ஒரு வட்டாரத்தில் பயிற்சியாளரோடு பள்ளி பள்ளியாகப் போய் வரட்டும். குழுவாகக் கூடும் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிடுங்கள், பயணப்படி கொடுங்கள். தொகுப்பூதியத்தில் இருக்கும் பலர் பதிவுப் புதுப்பிப்புக்கான பயிற்சிக் கட்டணத்தைத் தம் கையிலிருந்து கட்டுகிறார்கள். மறுவாழ்வுக் கவுன்சில், பள்ளியில் செய்து பதிவுசெய்து சக பயிற்சியாளர்களோடு ஆராய்ந்த மணிநேரத்துக்கும் புள்ளி கொடுக்க வழிசெய்தால் மண்டபங்கள் தாமாகவே காலியாகும். கல்லூரிகள், உள்ளிருப்பு ஆண்டில் ஒரு மாதத்தையாவது வட்டார வள மையத்துக்கு ஒதுக்கலாம். தமிழ்ப் பேச்சுப் பதிவுகளை, மாவட்டவாரியாக, பெற்றோர் ஒப்புதலோடு, பெயர் நீக்கிச் சேர்த்து வைத்தால், மேலே சொன்ன ‘வாளப்பளம்’ குழப்பத்துக்கு ஆதாரத்தோடு பதில் சொல்லலாம்.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்ட வேண்டும் என்று பயிற்சி வைத்தால், கற்றதைச் செய்து பார்க்க ஒரு மாதம்கூட இருக்காது. பள்ளி முடிந்துவிடும், குழந்தை ஊருக்குப் போய்விடும். ஜூன் கடைசி வாரத்தில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு முழுச் சுற்று முடியும்.

இப்படிக்கு,
பள்ளிப் பேச்சுப் பயிற்சியிலும் அதன் பயிற்றுவிப்பிலும் உள்ள சிலர்,
திருச்சிராப்பள்ளி.